சட்டம் வளையலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்காதவர்களுக்குச் சட்டத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றைச் சில வருடங்களாக நடத்துகிறேன். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லி, சொன்னதில் பாதியை மறந்து, அடுத்த முறை அதையே வேறு மாதிரி சொல்லி அலுத்துப்போய்விட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், சட்டம் வளையலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லிடுங்க.

ஒரே வரியில் என்றால், எல்லாச் சட்டமும் எங்கேயோ ஓரிடத்தில் வளைந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே வளைகிறது, யார் வளைக்கிறார்கள், அது நம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே வருவதெல்லாம் இந்த வரிக்கு உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் நம் மொழி முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். கொடுமைக்கும் வளைவுக்கும் ஒரே வேர்ச்சொல். அரிஸ்டாட்டில் காட்டியது வேறொரு கோல். லெஸ்பாஸ் தீவுக் கட்டட வேலையில் ஈயத்தால் ஆன அளவுகோல் ஒன்று இருந்ததாம். கல்லின் மேல் வைத்தால் கல் இருக்கிற வடிவத்துக்கு அது வளைந்துகொடுக்கும். பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஒரு தனி வழக்கில் வந்து இடறும்போது, அதைச் சரிசெய்கிற நியாயம் இந்த ஈயக்கோல் மாதிரி இருக்க வேண்டும் என்றார் அவர். இரண்டு கோலும் வேண்டியவைதான். எதை எப்போது கையில் எடுப்பது என்பதில்தான் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகத் தகராறு.

இறுக்கம், நெகிழ்வு என்கிறீர்கள். நடைமுறையில் என்ன வித்தியாசம்?

சாலையோரப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ‘80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது’ என்று எழுதியிருந்தால் அது இறுக்கம். ‘சாலையின் நிலைமை பார்த்து ஓட்டவும்’ என்றால் நெகிழ்வு. முதல் பலகையில், எது தப்பு என்று எழுதியவரே முன்கூட்டி முடிவு செய்துவிட்டார். இரண்டாவதில் அந்த முடிவு, வண்டி போன பிறகு, போலீஸ்காரர் கையிலும் நீதிபதி கையிலும் இருக்கிறது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இதை உண்மையிலேயே செய்து பார்த்தது. 1995 டிசம்பரிலிருந்து அங்கே பகலில் கார்களுக்கு எண்ணில் வேக வரம்பு கிடையாது. ‘நியாயமான, நிதானமான’ வேகத்தில் போனால் போதும். மணிக்கு 85 மைல் வேகத்தில் போன ஒருவரைப் போலீஸ் பிடித்தது. அந்தச் சாலையில் அது அதிக வேகம் என்று சொன்ன அதிகாரி, எத்தனை மைல் சரியாக இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த வேகத்தில் குற்றம் தொடங்குகிறது என்று ஓட்டுநருக்கே தெரியாத சட்டம் செல்லாது என்று 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 1999 மே மாதம் 75 மைல் என்ற எண் வந்து உட்கார்ந்தது.

அப்போ எல்லாத்தையும் எண்ணிலேயே எழுதிட்டா பிரச்சினை தீர்ந்துதே?

சில இடங்களில் தீரும். வாக்களிக்கும் வயது, மேல்முறையீட்டுக்குக் கெடு, இடதுபக்கமா வலதுபக்கமா ஓட்டுவது போன்றவற்றில் எண்ணோ திட்டவட்டமான விதியோதான் சரி. 18 வயது முடிய ஒரே ஒரு நாள் குறைவாக இருப்பவருக்கு ஓட்டு இல்லை என்பது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் ‘போதிய பக்குவம் உள்ளவர்கள் வாக்களிக்கலாம்’ என்று எழுதினால், யாருக்குப் பக்குவம் இல்லை என்று வாசலில் நிற்பவர் சொல்வார். அதைவிட ஒரு நாள் அநியாயமே மேல்.

எல்லாவற்றையும் அப்படி எழுதிவிடலாம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1794-இல் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யா கொண்டுவந்த பொதுச் சட்டத் தொகுப்பில் 19,000-க்கும் மேற்பட்ட பிரிவுகள். நீதிபதி சொந்தமாகப் பொருள் சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் சட்டக் குழுவுக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில வருடங்களிலேயே இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, பொருள் சொல்லும் வேலையை நீதிபதியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாயிரம் பிரிவுகளுக்கு நடுவிலும் வாழ்க்கை ஒரு சந்து கண்டுபிடித்துவிடுகிறது.

எழுதியிருக்கிறது தெளிவா இருந்தா விளக்கம் எதுக்கு? வக்கீல்கள் குழப்புறாங்க, அவ்வளவுதான்.

வக்கீல்கள் குழப்புவதும் உண்டு. ஆனாலும் வகுப்பில் ஒரு வரியைப் பலகையில் எழுதிக் காட்டுவேன்: ‘பூங்காவுக்குள் வாகனங்கள் நுழையக் கூடாது.’ இது என் உதாரணம் இல்லை. சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958-இல் வெளியான கட்டுரையில் எழுதி வைத்தது. தெளிவாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கார்? கூடாது. லாரி? கூடவே கூடாது. சைக்கிள்? இங்கே முதல் முணுமுணுப்பு. குழந்தையின் மூன்று சக்கர வண்டி? சிரிப்பு. சக்கர நாற்காலி? சிரிப்பு நின்றுவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது என்றதும் முன் வரிசையில் யாராவது, “அது வேற சார்” என்பார்கள். பலகையில் அப்படி எழுதவில்லையே என்பேன்.

ஹார்ட் சொன்னது இதுதான்: எந்தச் சொல்லுக்கும் சந்தேகமில்லாத நடுப்பகுதி ஒன்று உண்டு, மங்கலான ஓரப்பகுதியும் உண்டு. நடுவில் விதியே வேலை செய்யும், ஓரத்தில் யாராவது முடிவெடுக்க வேண்டும். அவரோடு வாதாடிய இன்னொரு சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் அதோடு விடவில்லை. போர் நினைவாக ஒரு ராணுவ லாரியைப் பூங்காவில் பீடம் கட்டி நிறுத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். லாரி என்பது நடுப்பகுதிச் சொல், சந்தேகமே இல்லாத வாகனம். ஆனாலும் பலகை எதற்காக வைக்கப்பட்டது என்று யோசிக்காமல் பதில் சொல்ல முடியாது. எனக்கு இதில் ஃபுல்லர் பக்கம்தான் சாய்வு. மொழி தெளிவாக இருந்தால் மட்டும் போதாது.

சட்டத்துல ஒண்ணுமே சொல்லாத விஷயம் வந்தா? நீதிபதி ‘எனக்குத் தெரியாது’னு சொல்லலாமா?

பிரான்ஸில் சொன்னால் அதுவே குற்றம். சட்டம் மௌனமாக இருக்கிறது, தெளிவில்லை, போதவில்லை என்று சாக்குச் சொல்லித் தீர்ப்புத் தர மறுக்கும் நீதிபதி மீது வழக்குத் தொடரலாம் என்று 1804-இன் குடிமைச் சட்டம் நான்காம் பிரிவிலேயே எழுதிவிட்டது. 1907-இல் நிறைவேறி 1912-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடிமைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. சட்டத்திலும் வழக்காற்றிலும் விடை இல்லையென்றால், தானே சட்டம் இயற்றுபவராக இருந்தால் என்ன விதி எழுதுவாரோ அதன்படி நீதிபதி தீர்க்க வேண்டும் என்கிறது அதன் முதல் பிரிவு. நீதிபதி சட்டம் செய்வதே இல்லை என்ற பாசாங்கு அங்கே கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

சட்டம் பேசியும் உதவாத வழக்கும் உண்டு. உயிலில் தன் பெயர் இருப்பது தெரிந்த பேரன், தாத்தா அதை மாற்றிவிடுவாரோ என்று பயந்து அவருக்கு விஷம் வைத்துவிட்டான். உயில் முறைப்படி எழுதப்பட்டது, சொத்து பேரனுக்கு என்கிறது. கொலை செய்தவனுக்குக் கிடையாது என்று அன்றைய உயில் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 1889-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் குற்றத்தால் எவரும் ஆதாயம் பெறக் கூடாது என்று சொல்லிச் சொத்தை மறுத்தது. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள்: கொலைக்குத் தண்டனை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, சட்டத்தில் இல்லாத கூடுதல் தண்டனையை நாம் எப்படிக் கொடுப்பது? தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பேரின் கேள்வியை அற்பமாக ஒதுக்க முடியாது. ஏன் என்பது பின்னால் 1935 பற்றிச் சொல்லும்போது தெரியும்.

ஒரே குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனைனு வெச்சாதானே பாரபட்சம் ஒழியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நல்ல மனசோடு கேட்கப்படுவதும் இதுதான். இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை. வீட்டுக்குள் 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. எண் தெளிவு, தண்டனை தெளிவு.

இப்போது ஜூரி, அதாவது குற்றமா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு, உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வாருங்கள். எதிரே நிற்பது வேலைக்காரப் பெண் என்று வைத்துக்கொள்வோம். திருடியது நிரூபணமாகிவிட்டது. பொருளின் மதிப்பு 40 ஷில்லிங்கைத் தாண்டுகிறது. உண்மையைச் சொன்னால் அவள் கழுத்தில் கயிறு. ஜூரி சொல்லும்: ‘குற்றவாளிதான், ஆனால் திருடியது 39 ஷில்லிங் மதிப்புள்ளது.’ இப்படி ஒன்றிரண்டு அல்ல, ஏராளமான தீர்ப்புகள். எண்ணிப் பார்க்கக்கூடிய நாணயமாகவே எடுத்திருந்தாலும் 39 ஷில்லிங்தான். ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதைப் புண்ணியப் பொய்ச்சத்தியம் என்ற பொருளில் குறிப்பிட்டார். 1827-இல் வரம்பு 5 பவுனாக, அதாவது 100 ஷில்லிங்காக, உயர்ந்தது. ஜூரிகளின் மதிப்பீடும் கூடவே 99 ஷில்லிங்குக்கு ஏறியது!

முதல் பதிலில் சொன்ன வரியைப் பொருத்திப் பாருங்கள். சட்டம் எஃகு மாதிரி இறுகியிருந்தது. வளைவு ஒழிந்ததா? ஜூரியின் வாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. பொய்யாக இருந்ததால் காரணம் எழுதத் தேவையில்லை, மேல்முறையீடு கிடையாது. ஜூரிக்கு ஒருத்தியின் முகம் பிடித்திருந்தால் 39, பிடிக்காவிட்டால் 40. பாரபட்சத்தை ஒழிக்க வேண்டிய இறுக்கம் அதற்கு ஒரு திரையைப் போட்டுக் கொடுத்தது.

அது பழைய காலம். இப்போ அப்படி நடக்குமா?

நடக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1986-இல் வந்த போதைப்பொருள் சட்டப்படி, 5 கிராம் ‘கிராக்’ (புகைக்கும் கட்டி வடிவ) கொக்கைன் விற்க வைத்திருந்தால் குறைந்தது ஐந்து வருடச் சிறை. அதே ஐந்து வருடத்துக்குத் தூள் கொக்கைன் 500 கிராம் வேண்டும். நீதிபதி யாரைப் பார்த்தும் குறைக்க முடியாது. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எண்ணுக்கு நிறம் கிடையாது, எண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்துக்கு இருந்தது. 2010-இல்தான் நூறுக்கு ஒன்று என்ற விகிதம் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது.

கலிஃபோர்னியாவின் 1994-ஆம் வருடச் சட்டம் இன்னொன்று. முன்பு இரண்டு கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 வருடம் முதல் ஆயுள் வரை என்று 2012 வரை இருந்தது. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு அந்தத் தண்டனை கிடைத்தது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. இப்படிக் குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயிக்கும் சட்டங்கள் வந்தபோது முடிவெடுக்கும் அதிகாரம் பெருமளவு அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போனது. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, எதைக் கைவிடுவது என்று அவர் தீர்மானிப்பார். நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும், மேசைக்குப் பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் நீதிமன்றமே இந்த இறுக்கத்தை உடைத்த சந்தர்ப்பம் உண்டு. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் கட்டாயம் மரண தண்டனை என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு. வேறு தண்டனைக்கே இடமில்லை. சூழ்நிலையைப் பார்க்கவே விடாத பிரிவு அரசமைப்புக்கு விரோதமானது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நெகிழ்வுன்னா பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்குத்தானே நெகிழும்? எங்களுக்கு எப்பவும் இறுக்கம்தான்.

இந்தக் கோபத்தை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. பல சமயம் அப்படித்தான் நடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜான் செல்டன் இதையே வேறு மாதிரி கேலி செய்தார். அப்போது இங்கிலாந்தில் பொதுச் சட்டத்தின் கடுமையைத் தணிக்க, அரசரின் உயர் அதிகாரியான சான்சலரின் நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருந்தது. சான்சலரின் மனசாட்சிதான் அங்கே அளவுகோல். செல்டன் சொன்னார்: நாம் ‘அடி’ என்று சொல்லும் அளவுக்குச் சான்சலரின் பாதத்தை வைத்தால் எப்படி இருக்கும்? ஒருவர் பாதம் நீளம், ஒருவர் பாதம் குட்டை, மூன்றாமவருடையது இரண்டும் கெட்டான்.

செல்டனுக்கு அது நகைச்சுவை. இருபதாம் நூற்றாண்டில் அது நகைச்சுவையாக இல்லை. 1926-இன் ரஷ்ய சோவியத் குற்றவியல் சட்டம், பட்டியலில் இல்லாத செயலையும் அதற்கு ஒப்பான குற்றத்தின் கீழ் தண்டிக்க அனுமதித்தது. 1935 ஜூனில் நாஜி அரசு ஜெர்மன் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. சட்டத்தின் அடிப்படைக் கருத்துப்படியும் ‘மக்களின் ஆரோக்கியமான உணர்வின்’படியும் தண்டனைக்குரிய செயலைச் செய்தவரைத் தண்டிக்கலாம் என்று எழுதினார்கள். மக்களின் உணர்வு எது என்று யார் சொன்னார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விஷம் வைத்த பேரன் வழக்கில் மாறுபட்ட இரண்டு நீதிபதிகளின் கேள்வி இங்கேதான் கனக்கிறது. எழுதப்படாத கொள்கை ஒன்றை வைத்துப் பேரனுக்குச் சொத்தை மறுக்கலாம். அதே வழியில் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப விடக் கூடாது.

சரி, எதுல இறுக்கம், எதுல நெகிழ்வு? ஒரு வழிகாட்டுங்க.

என் கணக்கு இது. எது குற்றம் என்று வரையறுக்கும் இடத்தில் இறுக்கம் வேண்டும். அந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்னும் இடத்தில் நெகிழ்வு வேண்டும். அரசு குடிமகன்மீது கைவைக்கும் வாசலில் கோடு கூர்மையாக இருக்கட்டும். 2015-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இதுவே. ‘எரிச்சலூட்டும்’, ‘சங்கடப்படுத்தும்’ பதிவுகள் குற்றம் என்றால் யாருடைய எரிச்சல்? (மொன்டானா அதிகாரி சொல்லாத எண் நினைவுக்கு வருகிறதா?)

குழந்தை அப்பாவிடம் வளர வேண்டுமா அம்மாவிடமா என்ற வழக்கில் எண் போட்டுத் தீர்க்கப் பார்ப்பது கொடூரம், அங்கே ஈயக்கோல்தான். காசோலை, பத்திரப் பதிவு, வரிக் கெடு மாதிரி விஷயங்களில் முன்கூட்டியே தெரிவதுதான் நியாயம்.

மனுநீதிச் சோழனை இவ்வளவு கொண்டாடுறோமே, அவர் வளைஞ்சாரா?

வளையவில்லை. தேர்க்காலில் கன்று இறந்ததற்குத் தன் மகனையே தேர்க்காலில் இட்டார் என்பது கதை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. குற்றம் செய்தவன் யார் என்று பார்க்காமல் இருப்பது ஒன்று. என்ன நடந்தது என்று பார்க்காமல் இருப்பது இன்னொன்று. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. மகன் என்று பார்க்காததற்காக அவரைக் கொண்டாடலாம். விபத்து என்று பார்க்காததையும் சேர்த்துக் கொண்டாட வேண்டுமா என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தல். மகனைத் தேர்க்காலில் இடச் சொல்லிப் பணிக்கப்பட்ட அமைச்சர், அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். 39 ஷில்லிங் ஜூரியைப் போல அவரும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

அரசமைப்புச் சட்டமாவது மாறாம இருக்கணும் இல்லையா?

எவ்வளவு சிரமப்பட்டு மாற்ற வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. அமெரிக்க அரசமைப்பு இதுவரை 27 முறைதான் திருத்தப்பட்டிருக்கிறது. கடைசித் திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல் நிறைவேறியது! எழுத்து அவ்வளவு இறுக்கம் என்பதால் மாற்றமெல்லாம் நீதிமன்றத்தின் விளக்கம் வழியாக வருகிறது. இந்திய அரசமைப்பு நூறு முறைக்கு மேல் திருத்தப்பட்டுவிட்டது. அங்கேயும் 1973-இல், திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது என்று 7-க்கு 6 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஜெர்மனி, 1935-ஐ மறக்காமல், மனித மாண்பு போன்ற சில கொள்கைகளைத் திருத்தவே முடியாது என்று 1949-இல் எழுத்திலேயே வைத்துவிட்டது.

மனுஷன்தானே பிரச்சினை? கணினிகிட்ட கொடுத்துட்டா விதிப்படி நடக்கும்ல.

நெதர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி என்று சந்தேகம் வந்தவர்களிடம் ‘முழுசாக அல்லது ஒன்றுமே இல்லை’ என்ற விதியைப் போட்டார்கள். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், கட்டணத்தில் சிறு பாக்கி இருந்தாலும், வருடம் முழுக்க வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். யாரைத் தோண்டிப் பார்ப்பது என்று ஆபத்து மதிப்பெண் போட ஒரு கணினி நிரலும் இருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. உயர் நிர்வாக நீதிமன்றமும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று பல வருடங்கள் கைவிரித்தது. 2019-இல் அதே சட்டத்தை வேறு விதமாகப் படிக்க முடியும் என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை, படித்த கண் மாறியது.

நான் ஒரு அலுவலகத்துல உட்கார்ந்திருக்கேன். விதிப்படி செஞ்சா எதிரே நிக்கிறவருக்கு அநியாயம்னு தெரியுது. நான் வளைக்கலாமா?

விதியிலேயே தளர்த்த இடம் இருந்தால் தளர்த்துங்கள், ஆனால் கோப்பில் காரணத்தை எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். நாளைக்கு அதே நிலைமையில் வேறொருவர் வந்து ‘அவருக்குச் செய்தீர்களே’ என்று கேட்க அவருக்கு வழி இருக்கட்டும். இடமே இல்லையென்றால், மேலே எழுதுங்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு தேதியை மாற்றிப் போடுவது இரக்கம் மாதிரிதான் இருக்கும். 39 ஷில்லிங் சொன்ன ஜூரியும் இரக்கத்தில்தான் சொன்னது.

அப்படிக் காரணம் எழுதி எழுதி, விதிவிலக்கே இன்னொரு விதியா ஆயிடாதா?

ஆகும். செல்டன் கேலி செய்த சான்சலர் நீதிமன்றத்துக்கு அதுதான் நடந்தது. தீர்ப்புகள் சேரச் சேர மனசாட்சி முன்னுதாரணமாக இறுகியது. சான்சலரின் பாதத்தைப் பொறுத்துத்தான் நீதி என்ற பழியைவிட எனக்கு வேதனை தருவது வேறில்லை என்கிற ரீதியில் 1818-இல் அப்போதைய சான்சலர் எல்டன் பிரபு தீர்ப்பிலேயே எழுதினார். 1870-களில் அந்த நீதிமன்றத்தைப் பொது நீதிமன்றங்களோடு இணைத்தே விட்டார்கள்.

போன தடவை வகுப்பில் பூங்காப் பலகையைத் திருத்தி எழுதச் சொன்னேன். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, நினைவுச்சின்னம் என்று சேர்த்துக்கொண்டே போய்ப் பதினோரு வரி ஆனது. எல்லோருக்கும் திருப்தி. வாசிக்கவே நேரமாகிறதே என்று ஒருவர் சிரித்தார். பின் வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர், நோயாளி யாரும் இல்லாமல், நிழலுக்காக வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால்?